ஆய்வேட்டின் காரணிகன் யார்?

முனைவர் பட்டத்துக்கான ஆய்வேடுகளைப் பற்றித் திருச்சபை இதழ்களில் வெளிவருவன பெரும்பாலும் பாராட்டுச் செய்திகளே. பட்டம் பெற்ற குருவானவரின் நிழற்படமும், ஏட்டின் தலைப்பும், வழிகாட்டிய பேராசிரியரின் பெயரும், சபையார் அணிவித்த சால்வையும் அச்சேறுகின்றன. ஏடு என்ன சொல்கிறது, சொல்வது மெய்தானா, அதனைச் சோதித்தவர் யார் என்னும் வினாக்கள் அச்சேறுவதில்லை. அவ்வினாக்களை ஈண்டு எழுப்ப விரும்புகிறோம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் ஊர்களையும் சபைகளையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ள விழையும் இளம் குருமாரை மனத்திற்கொண்டே எழுதுகிறோம். மக்களைப் பற்றிய ஓர் ஏட்டில் காணும் குறைகளிற் பல, தேர்வு அவையில் யார் அமர்வார், யார் அமரமாட்டார் என்பதை ஆய்வாளர் முன்னரே அறிந்திருப்பதால் விளைவன என்பது நம் கருத்து. அவையில் இல்லாதவர்க்கு விடை கூற வேண்டிய கடமை இல்லை என்னும் எண்ணம், ஏட்டைத் திட்டமிடும் நாளிலேயே நுழைந்துவிடுகிறது.

திட்டமிடுதலிலிருந்து தொடங்குவோம். 'பெரம்பலூர் மாவட்டத்தில் திருச்சபையின் வளர்ச்சி' என்பது ஒரு தலைப்பு, வினா அன்று. வினா இல்லாத ஏட்டுக்கு முடிவும் இராது. ஐந்தாம் இயலில் 'பரிந்துரைகள்' மட்டும் இருக்கும். இத்தலைப்பில் வேறொரு பள்ளமும் உண்டு. எந்தப் பெரம்பலூர் மாவட்டம்? 1995 வரை அப்படியொரு மாவட்டமே இல்லை; அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதி. 1995இல் அமைந்த பெரம்பலூர் மாவட்டத்தில் அரியலூரும் அடங்கும். 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. அரியலூரின் மக்கள்தொகை 7,54,894. 1991, 2001, 2011 என மூன்று கணக்கெடுப்புகளையும் ஒரே அட்டவணையில் நிறுத்தி 'வளர்ச்சி' காட்ட முற்படுவோர், வட்டம் வட்டமாகக் கணக்கைப் பிரித்து மறுபடியும் கூட்டியாக வேண்டும். திருச்சபை எல்லைகளோ வருவாய்த்துறை எல்லைகளைப் பின்பற்றுவதில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் திருச்சி–தஞ்சைத் திருமண்டலத்துக்கு ஒரு வரைபடம். இரு மாவட்டங்களையும் தன்னுள் கொண்ட கத்தோலிக்கரின் குடந்தை மறைமாவட்டத்துக்கு வேறொரு வரைபடம். அரியலூர் பேருந்து நிலையத்தில் நிற்கும் எவரும் இப்பிரிவினைக் கதையைச் சொல்லிவிடுவர். அவர் அவையில் இல்லை. ஆகவே அட்டவணை பிழையோடு நிற்கும்.

எல்லை கட்டுவதற்கு நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. தென்னிந்தியாவில் கிறிஸ்தவ மனமாற்றத்தின் சமூகப் பின்னணி பற்றிச் சுந்தரராஜ் மாணிக்கம் எழுதி, 1977இல் ஜெர்மனியில் வெளிவந்த ஆராய்ச்சி நூலின் தலைப்பை மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். வெஸ்லியன் மெதடிஸ்ட் அருட்பணியாளர் என்னும் ஒரே இயக்கம். திருச்சி–தஞ்சைத் திருமண்டலம் என்னும் ஒரே நிலப்பரப்பு. அதனுள்ளும் கூட்டமாக மக்கள் சபை சேர்ந்த பகுதியின் ஒடுக்கப்பட்ட சமுதாயங்கள். 1820 முதல் 1947 வரை என்னும் காலவரை. தலைப்பு நீளமானதுதான். ஆனால் வேலி தெரிகிறது; வேலிக்கு அப்பால் எவரும் அவரைக் குற்றஞ்சாட்ட முடியாது, உள்ளே எவரும் அவரைத் தப்பவிட வேண்டியதில்லை.

மூலச் சான்றுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்வோம். மெதடிஸ்ட் சங்கத்தின் பழைய கடிதங்கள் இலண்டனிலும், நற்செய்தி பரப்பும் சங்கத்தின் ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும், தரங்கம்பாடி மிஷனின் கடிதங்கள் ஹாலே நகரிலும், இயேசு சபையாரின் ஏடுகள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலும், அரசு ஆவணங்கள் எழும்பூரிலும் உள்ளன. இவை அனைத்தையும் பார்க்க இயலாதவர்கள் 1907இல் ஹெமிங்வே தொகுத்த திருச்சிராப்பள்ளி மாவட்ட விவரச் சுவடியைக் கையிலெடுத்துக் கொள்கின்றனர். அஃது அரிய நூலே. ஆயினும் ஆங்கில அதிகாரி ஒருவர் நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு சாதியாரைப் பற்றி எழுதிய வாக்கியத்தை, இன்றைய சபையாரின் இயல்பை விளக்கும் அடிக்குறிப்பாக இடுவதை என்னென்பது? அச்சாதியைச் சேர்ந்த மூப்பர் ஒருவர் வாய்மொழித் தேர்வில் அமர்ந்திருந்தால் அவ்வடிக்குறிப்பு இடம்பெற்றிருக்குமா?

களப்பணிக்கு வருவோம். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், தெற்கே தஞ்சை. தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் 1960களின் தொடக்கத்தில் தங்கி ஆய்வு செய்தார் ஆந்திரே பெத்தேய். ஊருக்கு அவர் இட்ட புனைபெயர் 'ஸ்ரீபுரம்'. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எம். என். சீனிவாஸின் மேற்பார்வையில் முனைவர் பட்டத்துக்கென எழுதிய அவ்வேடு, 1965இல் சாதி, வர்க்கம், அதிகாரம் என்னும் மூன்றையும் தலைப்பிற் கொண்ட நூலாக வெளிவந்தது. சாதியும் நிலவுடைமையும் அரசியல் அதிகாரமும் ஒரே கைகளில் இருந்த நிலைமாறி, ஒன்றிலிருந்து ஒன்று விலகிச் செல்வதை அந்நூல் எடுத்துக்காட்டியது. இக்கருத்தைப் பலரும் அறிவர். நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. அவர் அக்கிரகாரத்தில் தங்கினார். தாம் அங்குத் தங்கியதால் ஊரார் தம்மை அக்கிரகாரத்தோடு சேர்த்தே எண்ணினர் என்றும், ஆதிதிராவிடர் தெருவோடு தமக்கிருந்த பழக்கம் அதனால் மிகவும் குறைந்ததென்றும் அவரே எழுதியுள்ளார். தாம் எந்தத் திண்ணையிலிருந்து ஊரைப் பார்த்தார் என்பதை வாசகர்க்கு அறிவித்துவிட்டார். பின்வந்த திறனாய்வாளர் அவரோடு வாதிடுவதற்கு வேண்டிய ஆயுதத்தை அவரே எடுத்துக் கொடுத்தார் எனலாம். இத்தகைய நேர்மையை நம் இறையியல் ஏடுகளில் அரிதாகவே காண்கிறோம்.

ஏனெனில் நம் குருமார்க்கும் ஓர் அக்கிரகாரம் உண்டு. அதற்குப் போதகர் இல்லம் என்று பெயர். ஆய்வாளராக வந்தாலும் அவர் 'ஐயா'தான். ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் அவரிடமே செல்ல வேண்டிய மக்கள், அவர் கையில் வினாப்பட்டியலைக் கண்டதும் என்ன சொல்வர்? "நீங்களே நல்லதா எழுதிக்கங்கய்யா, நாங்க சொல்ல என்ன இருக்கு" என்பர். நல்ல நாள் பார்க்கிறீர்களா, குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுக்கிறீர்களா, சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு நேர்ந்துகொண்டதுண்டா என்னும் வினாக்களுக்கு 'இல்லை' என்று வரும் விடைகளைக் கூட்டி விழுக்காடு போடுவதில் பொருளில்லை. அவ்விழுக்காடு மக்களின் நம்பிக்கையைக் காட்டுவதினும், ஐயாவின் முன் எதைச் சொல்லலாகாது என்பதை அவர்கள் நன்கறிவர் என்பதையே காட்டும். சுவீடன் நாட்டு அருட்பணியாளரும் பின்னர்த் தரங்கை ஆயருமான கார்ல் குஸ்தாவ் தீல், தென்னிந்தியச் சடங்குகளைப் பற்றி லுண்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்து 1956இல் வெளியிட்ட ஆய்விலும், கிறிஸ்தவக் குழுக்களின் வாழ்வில் பண்பாடுகள் கலந்து நிற்பதைப் பற்றி 1965இல் வெளியிட்ட நூலிலும் இத்தகைய பழக்கங்களைக் கண்டனக் குரலின்றிப் பதிவு செய்தார். கண்டிப்பாரோ என்னும் அச்சம் நீங்கிய பிறகே மக்கள் வாய் திறப்பர். அச்சத்தை நீக்க எத்தனை மாதம் பிடிக்கும் என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும். 'களப்பணி: மே மாதம்' என்று எழுதினாற் போதாது.

எடுத்துக்காட்டாக ஒன்று கூறுவோம். பழைய ஏற்பாட்டில் நிலம் என்னும் பொருள்பற்றி ஆய விரும்பும் மாணவர் எவரும் வால்ட்டர் புரூகமன் 1977இல் வெளியிட்ட நூலைப் படிக்கிறார், படிக்கவும் வேண்டும். நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கு ஓர் இயல் ஒதுக்குகிறார். ஆனால் ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென 1990களில் முந்திரிக்காடுகளும் புன்செய்களும் கையகப்படுத்தப்பட்டன. திட்டம் நடைபெறவேயில்லை. இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டு அதே நிலத்தில் ஐயத்தோடு உழுதுகொண்டிருந்த குடும்பங்களுக்கு 'சுதந்தரவீதம்' என்னும் வேதச்சொல் எவ்வாறு ஒலித்திருக்கும்? நாபோத்தைக் கொன்றுதான் நிலத்தை எடுத்தார்கள். இங்கே கையொப்பம் வாங்கி எடுத்தார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை இறையியல் வினா இல்லையா? அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைச் சுற்றியுள்ள சபைகளிலும் இதுபோன்ற வினாக்கள் தூங்குகின்றன. நிலவியலார் இவ்வகையில் நம்மினும் முந்திக்கொண்டனர். 1862இல் பிளான்ஃபோர்டு இப்பகுதிப் பாறைகளை வகைப்படுத்தி, உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என ஊர்ப்பெயர்களையே அடுக்குகளுக்குச் சூட்டினார்; அன்றுதொட்டு இன்றுவரை அவ்வகுப்பைச் சோதிக்க விரும்புவோர் காரை ஓடைகளில் இறங்கி நடந்தேயாக வேண்டியுள்ளது. கல்லுக்குக் கிடைத்த மரியாதை மனிதர்க்குக் கிடைக்கவில்லை.

இனி எழுத்தும் மொழியும். இறையியல் முனைவர் பட்ட ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பெறுகின்றன. பன்னாட்டு அறிஞரோடு உரையாட ஆங்கிலம் தேவை என்பதை மறுப்பாரில்லை. ஆனால் சபையார் தமிழிற் சொன்னது ஆங்கிலத்திற் போய் அமரும்போது எதுவெல்லாம் உதிர்கிறது என்பதை மேற்பார்வையாளரும் கேட்பதில்லை. 'மனவருத்தம்', 'மானக்கேடு', 'பொல்லாப்பு' என்னும் மூன்று சொற்களும் ஒரே ஆங்கிலச் சொல்லாகி, அச்சொல்லின்மேல் ஓர் இயல் கட்டப்படும். சத்தியநாதன் கிளார்க் ஹார்வர்டில் ஆய்ந்து 1998இல் நூலாக வெளியிட்ட ஆராய்ச்சி, எழுத்தறிவு மறுக்கப்பட்டோரின் இறையியலை எழுத்திலே தேடாமல் பறையொலியிலே தேடியது. அதனாற்றான் அது நிலைபெற்றது. அவரை மேற்கோள் காட்டும் பின்னோரிற் பலர் பறையைக் கேட்பதில்லை. அவர் நூலின் பக்க எண்ணை மட்டுமே கேட்கின்றனர்.

இவ்விடத்தில் ஏலாக்குறிச்சியை நினையாமலிருக்க முடியவில்லை. கொள்ளிடக் கரையை ஒட்டிய அவ்வூர் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. வீரமாமுனிவர் அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். புலவர்க்குத் தேம்பாவணி, ஐரோப்பியர்க்கு இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம், உபதேசியார்க்கு எளிய உரைநடையில் வேதியர் ஒழுக்கம் என, கேட்போர்க்கு ஏற்ப மொழியை மாற்றிக்கொண்டவர் அவர். நம்மவரை மறுத்து லுத்தேரினத்தியல்பு எழுதியவரும் அவரே. அம்மறுப்பிலுள்ள கடுஞ்சொற்களை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓர் இறையியல் வழக்கு தரங்கம்பாடிக்கும் திருக்காவலூருக்கும் இடையே தமிழிலேயே நடந்தது, அதனை உபதேசியாரும் படித்து வாதிட முடிந்தது என்பது சிறிய செய்தியன்று. அவ்வழக்கை இன்று ஆராய்பவர் ஆங்கிலத்தில் எழுதி, அதே ஊர் உபதேசியார் படிக்கவொண்ணாதபடி செய்வது வேடிக்கைதான்.

ஏட்டை அவையில் நிறுவும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. அகத்தியரின் சினத்துக்கு அஞ்சிய ஆசான் இடந்தோறும் குற்றங் கூற, தொல்காப்பியர் அனைத்துக்கும் விடை கூறினார் என்பது நச்சினார்க்கினியர் தரும் கதை. வழிகாட்டியின் பகையைத் தேர்வாளர் சுமந்து வருவது அன்றே இருந்தது போலும்!

அதனினும் ஆழமானது இறையனார் களவியல் உரை கூறும் கதை. நூலுக்குப் புலவர் பலரும் உரை கண்டனர். ஒவ்வொருவரும் தம் உரையே மெய்யுரை என்றனர். தீர்ப்புக் கூற ஒரு காரணிகன் தேவைப்பட்டான். உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவனைக் காட்டினர். அவன் பேச இயலாதவன். உரைகளை அவன்முன் வாசித்தனர். மருதன் இளநாகனார் உரைக்குச் சிற்சில இடங்களில் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்த்தான். அதுவே மெய்யுரை என்று புலவர் ஒப்புக்கொண்டனர். கதையின் வரலாற்று மெய்ம்மையை நாம் ஆராயவில்லை. வாய்பேசாத ஒருவனைத் தேர்வாளனாக அமர்த்தி, அவன்முன் புலவர் அவை முழுவதும் காத்திருந்தது என்று நினைத்துப் பார்க்கும் துணிவு நம் மரபுக்கு இருந்தது என்பதையே சுட்டுகிறோம்.

இன்றைய விதிகளோ அத்துணிவுக்கு வெகு தொலைவில் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள், வெளித்தேர்வாளர் இருவரேனும் ஏட்டை மதிப்பிட வேண்டும் என்றும், வாய்மொழித் தேர்வு துறை ஆசிரியர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் ஆர்வமுள்ள வல்லுநர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்றும் கூறின. 2022இல் புதிய விதிகள் வந்தபோதும் வெளித்தேர்வாளர் இருவர் என்பது நீடித்தது. வல்லுநர்க்கு இடமுண்டு. வேப்பந்தட்டையில் பருத்தி எடுக்கும் சபைமூப்பர் தம் வாழ்வைப் பற்றி வல்லுநர் ஆகமாட்டாரா என்று எவரும் கேட்கவில்லை. இறையியற் கல்லூரிகளில் நடைமுறை இதனின் மேம்பட்டதென்று சொல்லத் துணியோம்.

1517 அக்டோபர் 31ஆம் நாளன்று லூத்தர் முன்வைத்த தொண்ணூற்றைந்து கூற்றுகளின் முகப்பில், நேரில் வந்து வாதிட இயலாதவர் எழுத்துமூலம் வாதிடலாம் என்றொரு வேண்டுகோள் உண்டு. கூற்றுகள் இலத்தீனில் இருந்தன, பல்கலைக்கழகத்தார்க்கு உரியவை. 1518இல் அதே பொருளைச் சிறு அருளுரையாக ஜெர்மன் மொழியில் எழுதி அச்சிட்டார். பொதுமக்கள் வாங்கிப் படித்தது அதைத்தான். அவையில் வாதிட ஒரு நூல், அவைக்கு வராதவர்க்கு ஒரு நூல் என்னும் அம்முறையைச் சீர்திருத்தத் திருநாளில் நாம் நினைவுகூர்வதில்லை.

நாம் முன்வைக்கும் யோசனை எளியது. ஏட்டைக் கல்லூரியில் ஒப்படைப்பதற்கு முன்னர், அதன் முடிவுகளை நாற்பது பக்கத் தமிழில் எழுதி, எந்த மக்களைப் பற்றியதோ அவர்கள்முன் வாசிக்க வேண்டும். அவர்கள் கூறும் மறுப்புகளை அவர்கள் சொற்களிலேயே பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும். தேர்வாளருள் ஒருவரேனும் தமிழறிந்தவராய், அப்பின்னிணைப்பிலிருந்து வினா எழுப்புபவராய் இருத்தல் வேண்டும்.

இதற்கு மறுப்புகள் எழும். மக்கள் விரும்பாதது பொய்யாகிவிடுமா? ஆகாது. மறுப்பைப் பதிவு செய்வதும் மறுப்புக்குப் பணிவதும் வெவ்வேறு. சபையில் சாதி உண்டு என்று எழுதினால், இல்லவேயில்லை என்று முதலில் எழுந்து நிற்பவர் யார் என்பதே ஆய்வுக்குச் சான்றாகும். இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது: ஒரே கூட்டத்தில் வாசித்தால் எளியோர் வாயடைத்துப் போவர். உண்மை. ஆதலின் தெருத்தெருவாக வாசிக்க வேண்டும். பெண்களுக்குத் தனியே வாசிக்க வேண்டும். ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் பெத்தேய் செய்ததுபோல் மறைக்க வேண்டும். மூன்றாவதை எவரும் வெளிப்படையாகச் சொல்லமாட்டார். ஆனால் அதுவே முதன்மையானது. ஆய்வாளர் தம் மேலிடத்தாரின் ஆணைக்குட்பட்ட குருவானவர். சபைச் சொத்தைப் பற்றியும், கல்லறைத் தோட்டத்தின் இடைச்சுவரைப் பற்றியும், பணிமாற்றங்களில் சாதி பார்ப்பதைப் பற்றியும் அவர் எழுதினால், பட்டம் பெற்ற மறுமாதம் எங்கே அனுப்பப்படுவார்? வாய்மொழித் தேர்வு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இத்தேர்வு ஓய்வு பெறும்வரை நீளும். ஆகவே அவ்வியலுக்குச் 'சில சவால்கள்' என்று பெயரிட்டு, நான்கு பக்கத்தில் முடித்து, ஒற்றுமைக்காக ஜெபிக்க வேண்டும் என்று எழுதிவிடுகிறார். அவரைக் கோழை என்று நாம் பழிக்கமாட்டோம். அவர்க்குப் பிள்ளைகள் உண்டு. ஆனால் அவரை ஆய்வுக்கு அனுப்பும் திருமண்டலமும், பட்டம் வழங்கும் கல்லூரியும் ஏட்டில் எழுதியதற்காக ஐந்தாண்டு எவ்விதப் பணிமாற்றமும் கூடாது என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தடையென்ன? உதவித்தொகைக்கு ஒப்பந்தம் எழுதுகிறோம். திரும்பிவந்து பணியாற்றவும் ஒப்பந்தம் எழுதுகிறோம். இதற்கும் ஒரு பத்தி சேர்க்கலாம்.

வாசிப்புக்குரிய காலத்தைப் பற்றி ஒரு சொல். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் தை மாதத்தில் அறுவடையாகும். பருத்தி எடுப்பும் அதனையொட்டி நடக்கும். ஜெயங்கொண்டம் பக்கம் மாசி பிறந்து சில வாரங்களில் முந்திரிக்கொட்டை பொறுக்கத் தொடங்கிவிடுவர். அது சித்திரை தாண்டியும் நீளும். அக்காலத்தில் மாலைக்கூட்டம் கூட்டினால் களைத்த முதியோர் சிலரே வருவர். இரு பகுதிகளிலும் வாசிக்க விரும்புவோர் இவ்வேலைகள் இல்லாத வாரங்களையே தேர்ந்துகொள்ள வேண்டும். கல்லூரி ஏட்டை ஒப்படைக்கக் குறிக்கும் நாள் இதற்குப் பின்னர் வருமாறு அமைய வேண்டும்.